உள்ளே விட்ட துணி

“பிள்ளை தலையில தையல் முன்னாடியே மூடிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு,” என்றேன்.

அக்கா மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “தையலா? யாரு தெச்சது?”

“யாரும் தெக்கலக்கா. பிறக்கும்போதே இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் இருக்குமாம்.”

“உனக்கும் இருக்கா?”

“எனக்கும் இருக்கு. உனக்கும் இருக்கு.”

“யாரும் தெக்காம தையல் எப்படிடி வரும்?”

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து, என்ன கேட்கிறார் என்று தன் மொழியில் என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் சிரித்தார். அது கேலிச் சிரிப்பு இல்லை. “நல்ல கேள்விதான். ஆனா யாரு தெச்சதுங்கறது என் துறை இல்ல. பிரிக்கிறது மட்டும்தான் என் வேலைன்னு சொல்லுங்க.”

அதையும் அக்காவிடம் சொன்னேன்.

“என் வேலையும் அதுதான்னு சொல்லு,” என்றாள் அக்கா.

அவள் என் பெரியப்பாவின் மகள். பழைய துணியைப் பிரித்துத் திருத்தித் தருவது அவள் தொழில். நான் இரண்டு மொழிகளில் படித்தவள் என்பதால், அவளுக்குப் புரியாத மொழியில் யார் பேசினாலும் நடுவில் என்னை உட்கார வைத்துவிடுவாள். அன்று டாக்டர் சொன்ன சொல்லுக்கு அவர் மொழியில் இரண்டு பொருள் உண்டு. மண்டை ஓட்டின் எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் கோடு என்பது ஒன்று, ஊசி நூலால் போடும் தையல் என்பது இன்னொன்று. வாயில் முதலில் வந்ததை நான் சொன்னேன்.

டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு மண்டை ஓட்டு மாதிரியை எடுத்து மேசைமேல் வைத்தார். உச்சியில் முன்னிருந்து பின்னாக ஒரு கோடு ஓடியது. நேர்கோடு இல்லை. பல் பல்லாக வளைந்து வளைந்து போனது. அக்கா அதன்மேல் விரலை ஓட்டினாள்.

“ஜிக்ஜாக்,” என்றாள்.

பிறக்கும்போது இந்தக் கோடுகள் மூடியிருக்காது என்று டாக்டர் விளக்கினார். பிரசவத்தின்போது எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து தலை வெளியே வர வழி விடும், பிறகு மடிப்பு பிரிந்து பழைய இடத்துக்குப் போகும். அப்புறம் மூளை வளர வளர, கோடுகள் விரிந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். வளர்ச்சியெல்லாம் முடிந்து வெகுகாலம் கழித்துத்தான் பெரும்பாலான கோடுகள் இறுகும்.

“உள்ள துணி விட்டிருக்கு,” என்று அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டாள். பின்னால் பிரித்துப் பெரிதாக்கத் தையலுக்கு உள்ளே மிச்சம் விடும் துணியைத்தான் அவள் அப்படிச் சொல்வாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அவள் பிள்ளைக்கு உச்சிக்கோடு பிறக்குமுன்பே மூடிவிட்டது. பக்கவாட்டில் விரிய வழியில்லாததால் தலை நீளவாக்கில் போய்க்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் உள்ளே அழுத்தம் கூடலாம். பார்வை கெடலாம், மூளை பாதிக்கப்படலாம். முதல் பிறந்தநாளுக்கு முன்பே மூடிய எலும்பை வெட்டித் திறந்துவிட வேண்டும் என்றார் டாக்டர்.

அக்கா எழுந்தாள். “யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லு.”

அவள் கடை ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில், ஒரு சலவைக்கடைக்கும் ஒரு தையல்கடைக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே ஒரு தையல் மெஷின், ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின், இஸ்திரி மேசை, அவள் கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு டேப்பு. புதிதாக எதையும் அவள் தைப்பதில்லை. வாசல் பலகையிலேயே ‘ஆல்டரேஷன் மட்டும்’ என்று போட்டிருக்கும். பக்கத்துக் கடைக் கட்டிங் மாஸ்டருக்கு இது ஒரு தீராத வேடிக்கை.

“உலகத்துல எல்லாரும் தெச்சுப் பொழைக்கிறாங்க. இவ ஒருத்திதான் பிரிச்சுப் பொழைக்கிறா. குடும்பத்தைப் பிரிக்காம இருந்தா சரி,” என்பார்.

“நீங்க ஒழுங்கா தெச்சா எனக்கு ஏன் மாஸ்டர் வேலை வருது?” என்பாள் அக்கா, தலை நிமிராமல்.

எந்தத் துணி வந்தாலும் அவள் முதலில் செய்வது அதை உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டிப் போடுவதுதான். வெளிப்பக்கத்தை அவள் பார்ப்பதே இல்லை. உள்ளே ஒரு கை அகலம் மடித்துவிட்ட பள்ளிக்கூடப் பாவாடையைப் பார்த்தால், “இதைத் தெக்கச் சொன்னது அம்மாக்காரி. பொண்ணு வளருவான்னு நினைச்சிருக்கா” என்பாள். ஒரு ஆண்கள் கோட்டின் லைனிங்கில், அதாவது உள்துணியில், முதுகுக்கு நடுவே வெளியே தெரியாத ஒரு மடிப்பு இருந்தது. “போடறவன் கையை நீட்டுவான்னு தெச்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு” என்று எனக்குக் காட்டினாள். மலிவான ரெடிமேடு சட்டைகளில் உள்ளே ஒன்றுமே விட்டிருக்காது. நூலை உருவினால் ஓரம் நார் நாராகப் போகும். அதைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகம் சுண்டிவிடும். “வித்தா போதும்னு தெச்சது. போடப்போறவனை நினைக்கவே இல்ல.”

அதாவது, ஒரு பொருளைச் செய்தவருக்கு மனசில் என்ன இருந்தது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையில் அவள் தொழில். நான் இதை வெகுநாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்பதையும் அவள் ஒரு துணியை வைத்தே தெரிந்துகொண்டாள். கடையில் வாங்கிய சின்னக் குல்லா முன்னும் பின்னும் இறுக்கியது. பக்கத்தில் மட்டும் தொளதொளவென்று நின்றது. பிரித்து நீளவாக்கில் விட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் மறுபடி நீளத்தில் இறுக்கியது, மறுபடி பிரித்தாள். மூன்றாவது முறை அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். “குல்லா மேல தப்பில்லடி. நல்ல டாக்டரா பார்த்துச் சொல்லு.” கல்யாணமே தாமதம், பிள்ளை அதைவிடத் தாமதம்.

டாக்டர் சொன்னதை அன்று ராத்திரி கேட்டதும் அத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அத்தான் பேருந்து ஓட்டுகிறவர். எதற்கும் சட்டென்று பிரேக் போடுகிற மனிதர்.

“இத்தனூண்டு பிள்ளை தலையில கத்தியா? வேண்டாம்.”

“விட்டா கண்ணு போயிடலாம்னு சொல்றாரு.”

“நீதானே ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுல இருந்து சொல்றே, எவ்வளவு யோசிச்சுத் தெச்சிருக்காங்க, எவ்வளவு யோசிச்சுத் தெச்சிருக்காங்கன்னு. அப்போ என் பிள்ளைக்கு மட்டும் தப்பா தெச்சது யாரு? அவர்கிட்டயே கொண்டுபோய்க் குடு, ஆல்டரேஷனுக்கு.”

அக்கா தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் கடையில் கட்டிங் மாஸ்டர் தன் பங்குக்கு ஆறுதல் சொல்ல வந்தார். “மனசைப் போட்டு உழப்பிக்காதம்மா. உடம்பு, உலகம் எல்லாம் தானா வந்ததுதான். தானா வந்ததுல பிசிறு இருக்கத்தான் செய்யும்.”

“உங்க கடையில தானா ஒரு சட்டையாவது வந்திருக்கா மாஸ்டர்?”

“வந்தா நான் ஏன் இடுப்பொடியக் குனிஞ்சு வெட்டிக்கிட்டிருக்கேன்?” என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அவர் போனதும் அக்கா தையல் பிரிக்கும் சின்னக் கொக்கியைக் கையில் எடுத்துவிட்டு, அப்படியே கீழே வைத்துவிட்டாள். மேசைமேல் துணிகள் குவிந்து கிடந்தன.

“என்னக்கா பயம்? கத்தியா?” என்று கேட்டேன்.

“கத்தி இல்லடி. பிரிக்கிறதுக்கு நான் பயப்படுவேனா? உள்ள துணி இருக்கணுமே. இல்லாததைப் பிரிச்சா நார்தான் மிஞ்சும். எத்தனை திருப்பிக் கொடுத்திருக்கேன். பிள்ளையை யார்கிட்டத் திருப்பிக் கொடுக்கிறது?”

அதுதான் அவள் கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் சம்மதிக்கமாட்டாள் என்று எனக்குப் புரிந்தது. நாளோ போய்க்கொண்டிருந்தது.

டாக்டரிடம் இரண்டாவது முறை போனபோது அத்தானும் வந்தார். அக்கா நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே என்னிடம் சொன்னாள். “கேளு. மூடின எலும்பை வெட்டி எடுத்தா நடுவுல இடைவெளி வருமே. அதுக்குத் துணி எங்கேர்ந்து எடுப்பீங்க? வேற இடத்துலேர்ந்து வெட்டி ஒட்டுவீங்களா?”

‘துணி’ என்பதை ‘எலும்பு’ என்று மாற்றிக் கேட்டேன்.

“ஒட்ட மாட்டோம். அப்படியே விட்டுடுவோம்,” என்றார் டாக்டர்.

அத்தான் பாதி எழுந்துவிட்டார். “அப்படியேவா? ஓட்டையாவா?”

டாக்டர் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். பிறகு மெதுவாக, நான் மொழிபெயர்க்க நேரம் கொடுத்துக் கொடுத்துப் பேசினார். எலும்புக்கு அடியில், மூளையைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. இந்த வயதில் அந்தச் சவ்வே புது எலும்பை உண்டாக்கும். வெளியிலிருந்து எதுவும் வைக்கத் தேவையில்லை. இடைவெளியை அதுவே சில மாதங்களில் நிரப்பிவிடும்.

“பெரியவங்களுக்கும் அப்படி வளருமான்னு கேளு.”

கேட்டேன்.

“வளராது. பெரியவங்க தலையில அவ்வளவு இடைவெளி விட்டா அது இடைவெளியாவே நிக்கும். குழந்தைக்கு மட்டும்தான், அதுவும் இந்தக் கொஞ்ச காலத்துக்கு மட்டும்தான்.”

இதையும் தமிழில் சொன்னேன். அக்காவின் கை பிள்ளையின் உச்சந்தலையில், தொட்டும் தொடாமலும் நின்றது.

“அப்போ, பிரிக்க வேண்டி வரும்னு தெச்சவருக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றாள்.

என்ன சொன்னார் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அவர் மேசைமேல் இருந்த மண்டை ஓட்டை ஒருமுறை திருப்பி வைத்தார்.

“ரொம்ப வருஷமா இதைப் பண்றேன். கொஞ்ச மாசம் கழிச்சு ஸ்கேன்ல அந்தப் புது எலும்பைப் பார்க்கும்போது, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் பேச்சு வராது. எப்படி வளருதுன்னு கேட்டா விளக்கிடுவேன். எனக்கு ஏன் பேச்சு வரலைன்னு கேட்டா, தெரியல.”

அக்கா சம்மதித்தாள். கையெழுத்தை முதலில் போட்டது அத்தான்தான்.

திரும்பும் வழியில் அத்தான் கேட்டார். “சரி, அடியில எல்லாம் விட்டு வெச்சவரு, மேல ஏன் முன்னாடியே மூட விட்டாரு?”

“தெரியலங்க.”

“அவ்வளவுதானா?”

“ஒரு சட்டையில ஒரு பொத்தான் தப்பா இருந்தா, சட்டையையே யாரும் தெக்கலன்னு சொல்வீங்களா?”

“என் பிள்ளை பொத்தான் இல்ல.”

“இல்ல,” என்றாள் அக்கா. வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அத்தானின் கேள்விக்குப் பதில் தெரியும் என்று அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

ஆபரேஷன் நாளன்று நாங்கள் மூவரும் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். எதிரே குளிர்பான மெஷின் முனகிக்கொண்டிருந்தது. அக்கா மடியில் அந்தக் குல்லா. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல இருந்தார்.

“ஏதாவது பேசுடி,” என்றாள் அக்கா.

“என்ன பேசறது?”

“உன் புஸ்தகத்துல இருக்கிறதைச் சொல்லு. சும்மா இருந்தா எனக்குக் கத்திரிக்கோல் சத்தம் கேக்குது.”

நான் பள்ளிக்கூட அறிவியல் பாடங்களை மொழிபெயர்க்கிறவள். பேசத் தெரியாதவள். என் கையில் இருந்த காகிதக் கோப்பையில் ஐஸ் கட்டிகள் மிதந்துகொண்டிருந்தன. அங்கிருந்து ஆரம்பித்தேன்.

“அனேகமா எந்தப் பொருளும் குளிர்ந்தா சுருங்கும்கா. தண்ணியும் சுருங்கும். ஆனா உறையப்போற நேரத்துல மட்டும் அது திரும்பி, விரிய ஆரம்பிக்கும். அதனாலதான் ஐஸ் மிதக்குது.”

“மிதந்தா என்ன?”

“மூழ்கினா, குளிர் காலத்துல ஏரியெல்லாம் அடியிலேர்ந்து உறைஞ்சுக்கிட்டே வரும். மீன் பிழைக்காது. மிதக்கறதால மேல ஒரு போர்வை மாதிரி நின்னுடுது. கீழ தண்ணி தண்ணியாவே இருக்கு.”

அக்கா என் கோப்பையை வாங்கி உள்ளே பார்த்தாள். “லைனிங்,” என்றாள். “இன்னும் சொல்லு.”

“பூமி நேரா நிக்கல. ஒரு பக்கமா சாய்ஞ்சு நிக்குது.”

“கிராஸ் கட்டிங்கா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேராக வெட்டிய துணி விறைப்பாக நிற்கும், சாய்வாக வெட்டியதுதான் உடம்புக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் என்று அவள் விளக்கினாள். சாய்வினால்தான் வெயிலும் குளிரும் இடம் மாறி மாறி வருகின்றன, ஒரு பக்கமே எப்போதும் காயாமல் இருக்கிறது என்று நான் சொன்னேன். அந்தச் சாய்வு ரொம்ப ஆடிவிடாமல் சந்திரன் இழுத்துப் பிடித்திருக்கிறது என்றேன்.

“குண்டூசி குத்தி நிறுத்தின மாதிரி.”

“சந்திரன் இல்லேன்னா?” என்றது ஒரு குரல். அத்தான் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“ஆடும் அத்தான். ஒரு காலத்துல ஒரேயடியா சாயும், இன்னொரு காலத்துல நிமிரும்னு கணக்குப் போட்டிருக்காங்க.”

“ஸ்டியரிங் பிடிக்க ஆள் இல்லாத வண்டி,” என்று முணுமுணுத்தார்.

கடைசியாக நட்சத்திரங்களைப் பற்றிச் சொன்னேன். ஆரம்பத்தில் எல்லாம் ஒரே புள்ளியாக நெருங்கிக் கிடந்து விரிய ஆரம்பித்தது என்றேன். விரிந்த வேகம் துளி குறைந்திருந்தால் எல்லாம் மறுபடி உள்ளே சுருண்டிருக்கும். துளி கூடியிருந்தால் ஒரு நட்சத்திரம்கூடச் சேர்ந்திருக்காது, எல்லாம் கலைந்து போயிருக்கும்.

“துளின்னா எவ்வளவு? ஒரு நூல் அளவா?”

“நூல் ரொம்பப் பெருசுக்கா. நினைச்சுப் பார்க்கவே முடியாத அளவு சின்னது.”

அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

“இன்னும் விரியுதா?”

“இப்பவும் விரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு.”

அக்கா மூடியிருந்த ஆபரேஷன் அறைக் கதவைப் பார்த்தாள். “அப்போ அதுக்கும் உள்ள துணி விட்டிருக்கு,” என்றாள்.

இந்த வாக்கியங்களையெல்லாம் நான் எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன். எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று மாற்றி, ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்து அனுப்பியிருக்கிறேன். அன்று அந்தத் தாழ்வாரத்தில்தான் அவை என்ன சொல்கின்றன என்று என் காதில் விழுந்தது. எனக்குக் கை சில்லிட்டது. ஐஸ் கோப்பை அப்போது அக்காவிடம் இருந்தது.

கதவு திறந்தபோது மூவரும் ஒன்றாக எழுந்தோம். டாக்டர் முகமூடியை இறக்கினார். மொழிபெயர்க்க எனக்கு வேலை இருக்கவில்லை. அவர் சிரித்த முகத்தைப் பார்த்ததுமே அக்கா குல்லாவை முகத்தில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். வெட்டி எடுத்த இடத்தில், இரண்டு ஓரங்களிலிருந்தும் நடுவிலும், மெல்லிய வெள்ளைப் படலம் தீவு தீவாகப் படர்ந்து ஒன்றை ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னபடியே ஒரு நிமிஷம் பேசவில்லை. பிள்ளை மட்டும் அவர் பேனாவைப் பிடுங்கப் பார்த்தான்.

“துணி வந்துடுச்சு,” என்றார் அத்தான்.

அந்த வாரம் அக்கா குல்லாவை முதல்முறையாகப் பக்கவாட்டில் பிரித்து விட்டாள். கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்து, “பழைய குல்லாவையே எத்தனை தடவை பிரிப்பே? புதுசு ஒண்ணு நான் தெச்சுத் தர்றேன்” என்றார். “உள்ள துணி விட்டுத் தெச்சா வாங்கிக்கிறேன்” என்றாள். அவர் தைத்துக் கொடுத்தார். புரட்டிப் பார்த்தபோது உள்ளே இரண்டு விரல் அகலம் விட்டிருந்தது. அக்கா அதை என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

அதற்குப் பிறகு ஒருநாள், எலும்புகளைப் பற்றிய பாடத்தைத் திருத்துவதற்காக அவள் கடையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மண்டை ஓட்டுப் படத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அந்தப் பல் பல்லான கோட்டில் விரலை வைத்தாள்.

“இதுக்கு என்னன்னு போட்டிருக்கே?”

“இணைப்பு. எங்க ஆபீஸ்ல அப்படித்தான் எழுதணும்.”

“கரண்ட் இணைப்பு மாதிரியா?” என்று முகத்தைச் சுளித்தாள். அவள் காலடியில் பிள்ளை நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான். அவன் முடி அடர்ந்து வளர்ந்துவிட்டது, தழும்பு தெரியவில்லை. அவனைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு எப்போதும் என்னிடம் வேலை சொல்லும் குரலில் இல்லாமல், கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்.

“எனக்காக ஒண்ணு பண்ணுவியாடி? அந்த இடத்துல தையல்னே போடு. எந்தப் பிள்ளையாவது வகுப்புல எழுந்து நின்னு, யாரு தெச்சதுன்னு கேக்கட்டும்.”